கரண்ட் வந்ததும் தானாக எழும்பும் கணினிகள்

கணினி: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே விடயத்தைத்தான் கேட்டிருந்தன: வன்தட்டு இல்லாத பழைய கணினிகளைச் சேர்த்துக் கிளஸ்டர் (ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் கணினிக் கூட்டம்) ஆக்குவது, அவற்றை நெட்வேர்க் வழியாக எழுப்புவது (பூட் செய்வது), கூடவே பயோஸுக்குப் (கணினியை முதலில் தொடக்கும் மதர்போர்ட் நிரலுக்கு) பதிலாகத் திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துவது. பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: எங்களிடம் பழைய மேசைக்கணினிகள் எட்டு இருக்கின்றன. வன்தட்டுகள் பழுதாகிவிட்டன. எல்லாவற்றையும் ஒரே சேர்வரிலிருந்து எழுப்பி, கணிப்பு வேலைக்குக் கிளஸ்டராகப் பயன்படுத்த முடியுமா? என்ன பொருட்கள் வேண்டும்? – பொறியியல் மாணவர், அறிவியல்நகர், கிளிநொச்சி

முடியும். தலைமைக் கணினி ஒன்றை ஒதுக்குங்கள். அதற்கு 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, இரண்டு நெட்வேர்க் கார்ட் வேண்டும். ஒரு கார்ட் வெளி இணையத்துக்கு, மற்றது கிளஸ்டருக்கு மட்டும். 16 போர்ட் ஜிகாபிட் சுவிச் ஒன்று, ஒவ்வொரு கணினிக்கும் கேட் 5இ கேபிள், தலைமைக் கணினிக்கும் சுவிச்சுக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ். மற்றக் கணினிகளுக்கு யூபிஎஸ் தேவையில்லை.

நடப்பது இதுதான். கணினியின் நெட்வேர்க் கார்டில் பிஎக்ஸ்இ என்ற சிறிய நிரல் இருக்கிறது. அது டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரி வழங்கும் சேவை) மூலம் முகவரியையும் ஒரு கோப்பின் பெயரையும் கேட்டு வாங்கி, அந்தக் கோப்பை டிஎஃப்டிபி (எளிய கோப்பு அனுப்பும் முறை) மூலம் இறக்கி ஓட்டும். இன்றுவரை பயோஸ்களில் இருக்கும் பிஎக்ஸ்இ 2.1 விதிமுறை 1999இல் இன்டெல் வெளியிட்டது. டிஎஃப்டிபியின் அடிப்படை முறை 512 பைட் அனுப்பிவிட்டு, 'கிடைத்தது' என்ற பதில் வரும்வரை காத்திருந்து அடுத்த 512ஐ அனுப்புவது. பெரிய கோப்புகளுக்கு அது உதவாது. ஆகவே டிஎஃப்டிபியால் ஒரு மெகாபைட் அளவுள்ள ஐபிஎக்ஸ்இ என்ற திறந்த மூல நிரலை மட்டும் அனுப்புங்கள். மிச்சம் முழுவதையும் ஐபிஎக்ஸ்இ எச்டிடிபி வழியாக வேகமாக இழுத்துக்கொள்ளும்.

தலைமைக் கணினியில் டெபியன் (லினக்ஸ் வகை ஒன்று) போட்டு டிஎன்எஸ்மாஸ்க் (டிஎச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் தருவது), என்ஜின்எக்ஸ் (எச்டிடிபி சேர்வர்), என்எஃப்எஸ் சேர்வர் (கோப்புறைகளை நெட்வேர்க்கில் பகிர்வது), ஐபிஎக்ஸ்இ ஆகிய பொதிகளை நிறுவுங்கள். கிளஸ்டர் பக்கக் கார்டுக்கு 10.10.0.1 என்ற நிலையான முகவரி கொடுங்கள். டிஎன்எஸ்மாஸ்க் அந்தக் கார்டில் வரும் கோரிக்கைகளை மட்டுமே கேட்க வேண்டும். வெளிக் கார்டிலும் கேட்டால் வளாகத்தின் மற்றக் கணினிகளுக்கும் நீங்கள் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடுவீர்கள், அடுத்த அரை மணித்தியாலத்தில் நெட்வேர்க் நிர்வாகி உங்களைத் தேடி வருவார்.

அடுத்தது இயங்குதளப் படிமம். ஒரு கோப்புறைக்குள் டிபூட்ஸ்ட்ராப் கட்டளையால் குறைந்தபட்ச டெபியனை இறக்குங்கள். அதற்குள் லினக்ஸ் கேர்னல் (இயங்குதளத்தின் கரு), லைவ்-பூட் (படிமத்திலிருந்து எழும்ப), எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து நுழைய), க்ரோனி (நேரம் ஒத்துப்போக), ஸ்லேர்ம் (வேலைகளைப் பங்கிட), மஞ்ச் (கணினிகள் ஒன்றையொன்று உறுதிப்படுத்த), ஓப்பன்எம்பிஐ (ஒரே கணிப்பைப் பல கணினிகளில் ஓட்ட) ஆகியவற்றை நிறுவி, முழுவதையும் ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பாகச் சுருக்குங்கள். கேர்னல், இனிட்ஆர்டி (எழும்பும்போது முதலில் ஏறும் சிறு கோப்பமைப்பு), ஸ்குவாஷ்எஃப்எஸ் மூன்றையும் என்ஜின்எக்ஸின் கோப்புறையில் வையுங்கள். ஐபிஎக்ஸ்இ கட்டளைக் கோப்பில் கேர்னலுக்கு 'பூட்' அளவுருவாக லைவ் என்றும், 'ஃபெட்ச்' அளவுருவாக ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பின் முழு முகவரியையும் கொடுக்க வேண்டும். அந்த முகவரியில் சேர்வரின் பெயரை எழுதாதீர்கள், எண் முகவரியை எழுதுங்கள்.

யூஇஎஃப்ஐ (பயோஸின் புதிய வடிவம்) உள்ள கணினிகளில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கேர்னல் வரியிலேயே இனிட்ஆர்டி கோப்பின் பெயரையும் அளவுருவாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் பழைய கேர்னல்கள் இனிட்ஆர்டியைக் காணாமல், ரூட் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்று சொல்லி அப்படியே உறைந்துவிடும். புதிய கேர்னலுக்கு இது தேவைப்படாமல் போகலாம், ஆனால் எழுதினால் கெடுதல் எதுவும் இல்லை.

ராம் கணக்கு: 'ஃபெட்ச்' முறையில் ஸ்குவாஷ்எஃப்எஸ் முழுவதும் ராமில் ஏறி உட்காரும். படிமம் 800 எம்பி என்றால் ஒவ்வொரு கணினிக்கும் 4 ஜிபி ராம் வேண்டும். 2 ஜிபி மட்டும் இருந்தால் என்எஃப்எஸ் வழியாக ஏற்றுங்கள். நேரக் கணக்கு: எட்டுக் கணினிக்கு ஏறத்தாழ 7 ஜிபி போக வேண்டும். ஜிகாபிட்டில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி வரும், எனவே ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். 100 மெகாபிட் சுவிச் என்றால் பத்து நிமிடத்துக்கும் மேல். சுவிச் ஜிகாபிட்டாக இருந்தும் மெதுவாக இருந்தால் தலைமைக் கணினியின் கேபிளைப் பாருங்கள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடிக் கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கு சோடியும் வேண்டும். ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் வேகம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். ஈத்டூல் கட்டளை உண்மை வேகத்தைக் காட்டும்.

மாணவர்களின் கோப்புகள் தலைமைக் கணினியிலுள்ள ஹோம் கோப்புறையில் இருக்கட்டும், அதை என்எஃப்எஸ் மூலம் எல்லாக் கணினிகளுக்கும் பகிருங்கள். ராமில் எழுதியவை கரண்ட் போனால் போனதுதான்.

கேள்வி: எங்கள் பாடசாலைக் கணினி ஆய்வுகூடம் இதே முறையில்தான் இயங்குகிறது. கரண்ட் போய் வந்தால் பாதிக் கணினிகள் எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கின்றன. மற்றவை 'பூட் சாதனம் இல்லை' என்கின்றன. ஒவ்வொன்றாகப் போய் அழுத்த வேண்டியிருக்கிறது. – ஐசிடி ஆசிரியை, மல்லாவி

டீச்சர், இவை இரண்டு வேறு நோய்கள்.

எஃப்1 கேட்பது பெரும்பாலும் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பற்றரி தீர்ந்ததால். மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். புதிய பற்றரி 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 2.7க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய மதர்போர்டுகள் பலவற்றில் அமைப்புகள் எல்லாமே அந்தப் பற்றரியின் தயவில்தான் இருக்கின்றன. பிழை வந்தாலும் நிற்காதே, நெட்வேர்க்கிலிருந்து முதலில் எழும்பு, கரண்ட் வந்ததும் தானாக ஓடு என்று நீங்கள் போட்டு வைத்த மூன்று அமைப்பும் சேர்ந்தே அழிந்துவிடும். பற்றரியை மாற்றியபின் மூன்றையும் மீண்டும் போடுங்கள். அறையின் எல்லாப் பற்றரிகளையும் ஒரே நாளில் மாற்றி, மாற்றிய மாதத்தைப் பெட்டியின் பக்கத்தில் எழுதி ஒட்டினால் அடுத்த முறை தேடத் தேவையில்லை.

இரண்டாவது நோய் அவசரம். கரண்ட் வந்த நொடியில் எல்லாக் கணினிகளும் ஒன்றாக எழும்புகின்றன. பிஎக்ஸ்இ டிஎச்சிபிக்காக 4, 8, 16, 32 நொடி என நான்கு தரம் காத்திருக்கும். மொத்தம் ஒரு நிமிடம். யூபிஎஸ் தீர்ந்து சேர்வரும் படுத்திருந்தால், அது கோப்பமைப்பைச் சரிபார்த்து எழும்ப இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். அதற்குள் கணினிகள் முயற்சியைக் கைவிட்டுவிடும்.

இதற்குச் சரியான மருந்து ஐபிஎக்ஸ்இயை ஒவ்வொரு கணினியிலும் உள்ளூரிலேயே வைப்பது. ஒரு பழைய பென்ட்ரைவ் போதும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. அதை ஃபாட்32 ஆக ஃபோமற் செய்து, 'இஎஃப்ஐ' கோப்புறைக்குள் 'பூட்' கோப்புறை அமைத்து, ஐபிஎக்ஸ்இயின் இஎஃப்ஐ கோப்பை 'பூட்எக்ஸ்64' என்ற பெயரில், நீட்சியை மாற்றாமல், அதற்குள் வையுங்கள். செக்யுர் பூட் (கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் அமைப்பு) அணைந்திருக்க வேண்டும். பழைய பயோஸ் கணினி என்றால் ஐபிஎக்ஸ்இயின் யூஎஸ்பி படிமத்தை நேரடியாகப் பென்ட்ரைவில் எழுதுங்கள்.

ஆனால் பொதியில் வரும் ஐபிஎக்ஸ்இயும் ஒரு அளவுக்குமேல் காத்திருக்காது. மூலநிரலை இறக்கி, உங்கள் கட்டளைக் கோப்பை 'எம்பெட்' தெரிவால் உள்ளே பதித்துக் கட்டுங்கள். கட்டளைகள் ஐந்தாறு வரிதான்: டிஎச்சிபி கேள், கிடைக்காவிட்டால் 10 நொடி உறங்கி மீண்டும் கேள், கிடைத்தால் சேர்வரின் பிரதான கட்டளைக் கோப்பை எச்டிடிபியால் எடு, அது தோற்றாலும் 10 நொடி உறங்கி முதல் வரிக்குத் திரும்பு. இப்படிக் கட்டிய கணினி சேர்வர் எழும்பும்வரை விடியவிடியக் கேட்டுக்கொண்டே இருக்கும். வன்னியில் ஓடும் எந்தக் கிளஸ்டருக்கும் நாம் முதலில் பரிந்துரைப்பது இதையே. இதைச் செய்யாமல் வேறு எதை மேம்படுத்தினாலும் மின்வெட்டுக்குப் பின் ஆள் போய் நிற்க வேண்டிவரும்.

தீர்ந்த பற்றரிக்கு இன்னொரு பக்கவிளைவும் உண்டு. கணினியின் நேரம் பல வருடங்கள் பின்னுக்குப் போய்விடும். எச்டிடிபிஎஸ் பயன்படுத்தினால் சான்றிதழ் செல்லாது என்று ஐபிஎக்ஸ்இ மறுக்கும். கிளஸ்டரில் மஞ்ச் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசமான நேரத்தை ஏற்காது, ஸ்லேர்ம் அந்தக் கணினியைச் சேர்த்துக்கொள்ளாது. ஐபிஎக்ஸ்இயில் என்டிபி (நெட்வேர்க்கிலிருந்து நேரம் எடுக்கும்) கட்டளை இருக்கிறது, அதை டிஎச்சிபிக்கு அடுத்த வரியில் சேருங்கள். தலைமைக் கணினியில் க்ரோனி நேரம் கொடுத்தால் இணையம் இல்லாதபோதும் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும்.

கேள்வி: ஐபிஎக்ஸ்இ வருகிறது, டிஎச்சிபி எடுக்கிறது, திரும்பவும் ஐபிஎக்ஸ்இயே வருகிறது. முடிவில்லாமல் சுற்றுகிறது. – வாசகர், புதுக்குடியிருப்பு

உங்கள் சேர்வர் யார் கேட்டாலும் ஒரே கோப்புப் பெயரைக் கொடுக்கிறது. பிஎக்ஸ்இ கேட்டபோது ஐபிஎக்ஸ்இயைக் கொடுத்தது சரி. ஐபிஎக்ஸ்இயே கேட்கும்போதும் அதையே கொடுக்கிறது. ஐபிஎக்ஸ்இ தன் டிஎச்சிபி கேள்வியில் 175ஆம் தெரிவைச் (டிஎச்சிபி செய்தியின் எண்ணிட்ட தகவல் பகுதி) சேர்த்து அனுப்பும். டிஎன்எஸ்மாஸ்க்கில் அந்தத் தெரிவைக் கண்டால் ஒரு அடையாளம் போடும்படி ஒரு வரி எழுதுங்கள். அடையாளம் உள்ளவருக்கு எச்டிடிபி கட்டளைக் கோப்பு, இல்லாதவருக்கு ஐபிஎக்ஸ்இ. சுற்று நின்றுவிடும்.

கேள்வி: முகவரி கொடுப்பது இணையம் தந்த நிறுவனத்தின் றூட்டர். அதில் எதையும் மாற்ற முடியாது. நான் இன்னொரு டிஎச்சிபி வைத்தால் இரண்டும் மோதுகின்றன. – வாசகர், ஒட்டுசுட்டான்

ப்ராக்ஸி டிஎச்சிபி வையுங்கள். டிஎன்எஸ்மாஸ்க்கின் முகவரி வீச்சு வரியில் நெட்வேர்க் முகவரிக்குப் பின் 'ப்ராக்ஸி' என்று எழுதினால், முகவரி கொடுப்பதை றூட்டரிடமே விட்டுவிட்டு, பூட் கோப்பின் தகவலை மட்டும் அது சொல்லும். தீச்சுவரில் (ஃபயர்வோல்) யூடிபி 67, 69, 4011, டிசிபி 80 ஆகிய போர்ட்டுகளைத் திறவுங்கள்.

பழைய பயோஸ், யூஇஎஃப்ஐ ஆகிய இரண்டு வகைக் கணினியும் கலந்திருந்தால் டிஎச்சிபியின் 93ஆம் தெரிவைப் பாருங்கள்: பழைய பயோஸ் 0 என்று சொல்லும், 64 பிட் யூஇஎஃப்ஐ பொதுவாக 7 என்று சொல்லும். ஒன்றின் கோப்பை மற்றதற்குக் கொடுத்தால் கோப்பை இறக்கிய பின் பெரிய விளக்கமில்லாமல் அடுத்த சாதனத்துக்குப் போய்விடும்.

திரையில் வரும் எண்களைக் குறித்து வையுங்கள். பழைய பிஎக்ஸ்இயில் இ61 என்றால் கேபிளோ சுவிச் போர்ட்டோ. இ51 என்றால் எந்த டிஎச்சிபியும் பதில் சொல்லவில்லை. இ53 என்றால் முகவரி வந்தது, கோப்புப் பெயர் வரவில்லை. இ32 என்றால் டிஎஃப்டிபி பதில் இல்லை. இந்த இ32க்குப் பெரும்பாலும் தீச்சுவர்தான் காரணம், ஏனென்றால் டிஎஃப்டிபி கேள்வியை 69இல் வாங்கினாலும் தரவை வேறொரு போர்ட்டிலிருந்து அனுப்பும். டிஎன்எஸ்மாஸ்க்கில் அந்தப் போர்ட் வீச்சைக் கட்டுப்படுத்தி, அதையும் திறந்துவிடலாம்.

நிர்வகிக்கக்கூடிய சுவிச் வைத்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஸ்பானிங் ட்ரீ (நெட்வேர்க்கில் வளையம் ஏற்படாமல் தடுக்கும் முறை) இயங்கினால் கேபிளில் இணைப்பு வந்தபின் போர்ட் 30 நொடி எதையும் கடத்தாது. பிஎக்ஸ்இயிலிருந்து ஐபிஎக்ஸ்இக்கும், அங்கிருந்து கேர்னலுக்கும் மாறும்போது இணைப்பு ஒருமுறை விழுந்து எழலாம். ஒவ்வொரு முறையும் அந்த 30 நொடி. கணினிகள் உள்ள போர்ட்டுகளை 'எட்ஜ்' போர்ட் ஆக்குங்கள்.

கேள்வி: பயோஸையே தூக்கிவிட்டு கோர்பூட் போடலாமா? எந்தக் கணினிகளில் முடியும்? – பழுதுபார்ப்பவர், கிளிநொச்சி

பயோஸுக்குப் பதிலான திறந்த மூல மென்பொருளான கோர்பூட் பிறந்ததே கிளஸ்டருக்காகத்தான். 1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுகூடத்தில் ரான் மின்னிக் லினக்ஸ்பயோஸ் என்ற பெயரில் தொடங்கினார். விசைப்பலகை இல்லாத நூற்றுக்கணக்கான கணினிகள் ஏதாவது விசையை அழுத்தச் சொல்லி நிற்கக் கூடாது என்பதே அடிப்படைத் தேவை. 2008இல் பெயர் கோர்பூட் ஆனது. மல்லாவி டீச்சரின் பிரச்சினையை வேரோடு தீர்ப்பது இதுதான்.

ஆனால் எல்லா மதர்போர்டிலும் முடியாது. 2013இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையிலிருந்து இன்டெல் பூட் கார்ட் (உற்பத்தியாளர் ஒப்பமிட்ட பயோஸை மட்டும் ஓடவிடும் காவல்) வந்தது. உற்பத்தியாளர் அதைப் பூட்டியிருந்தால் வேறு எதை எழுதினாலும் கணினி எழும்பாது. அதற்கு முந்திய சாண்டி பிரிட்ஜ், ஐவி பிரிட்ஜ் காலக் கணினிகள் பாதுகாப்பான தெரிவு. எச்பி கொம்பாக் 8200 எலீட் எஸ்எஃப்எஃப் (சிறிய பெட்டி மாதிரி), டெல் ஆப்டிபிளெக்ஸ் 9010 எஸ்எஃப்எஃப் ஆகியவை கோர்பூட்டின் பட்டியலில் உள்ளன. பெயரின் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். அதே எண்ணில் வரும் டவர் மாதிரி வேறு பலகையாக இருக்கலாம்.

கோர்பூட்டைப் பயோஸ் சிப்பில் எழுத சிஎச்341ஏ ப்ரோகிராமரும் (சிப்பில் எழுதும் கருவி) எட்டுக்கால் கிளிப்பும் வேண்டும். கடைகளில் வரும் கறுப்பு நிறச் சிஎச்341ஏ பலவற்றில் தரவுக் கால்களில் 5 வோல்ட் வரும், சிப்புக்கு 3.3தான் தேவை. மீட்டரால் அளந்து, 5 காட்டினால் மாற்றங்கள் செய்யாமல் கிளிப்பைப் போடாதீர்கள். 1.8 வோல்ட் சிப்புகளும் உண்டு, அவற்றுக்குத் தனி இணைப்பான் தேவை. முதலில் பூதக்கண்ணாடியால் சிப்பின் எண்ணைப் படியுங்கள். டபிள்யூ25க்யூ64 என்றால் 64 மெகாபிட், அதாவது 8 மெகாபைட்.

மின்கம்பியைக் கழற்றுங்கள், சிஆர்2032ஐயும் கழற்றுங்கள். சிப்பில் புள்ளி உள்ள மூலையே 1ஆம் கால். கிளிப்பின் சிவப்புக் கம்பி அங்கே வர வேண்டும். ஃப்ளாஷ்ரோம் நிரலால் சிப்பை இரண்டு தரம் வாசித்து, இரண்டு கோப்பின் ஷா256 தொகையும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் கிளிப் சரியாகப் பதியவில்லை, அல்லது கம்பி நீளம் அதிகம். ஒன்றாகும்வரை எழுத வேண்டாம். அந்தக் கோப்பை இரண்டு வேறு இடங்களில் சேமியுங்கள். எழுதியது எழும்பாவிட்டால் இதே கருவியால் அதைத் திரும்ப எழுதிக் கணினியை மீட்கலாம்.

கோர்பூட் வன்பொருளைத் தயார்ப்படுத்துவதோடு சரி, அதன்பின் ஓட ஒரு பேலோட் வேண்டும். 8 மெகாபைட் சிப்பில் இன்டெலின் மேலாண்மைப் பகுதியும் இடம் பிடிக்கும், எனவே சீபயோஸும் (பழைய பயோஸ்போல நடக்கும் பேலோட்) ஐபிஎக்ஸ்இயும் சேர்ந்த பேலோட் பொருத்தம். கட்டும்போது பிஎக்ஸ்இ ரோம் தெரிவில் ஐபிஎக்ஸ்இயைத் தெரிந்து, உங்கள் நெட்வேர்க் கார்டின் பிசிஐ எண்ணைச் (உற்பத்தியாளரையும் மாதிரியையும் குறிக்கும் எண்) சரியாகக் கொடுங்கள். இன்டெல் 82579எல்எம் என்றால் 8086, 1502. எண் பிழைத்தால் சீபயோஸ் அதை ஓட்டாது. பூட் வரிசையையும் உள்ளேயே பதித்துவிடலாம், அதன்பின் பற்றரி தீர்ந்தாலும் வரிசை மாறாது.

லினக்ஸ்பூட் இன்னொரு பாதை. அங்கே பேலோடே ஒரு சிறிய லினக்ஸ் கேர்னல். கோ மொழியில் எழுதிய யு-ரூட் அதன்மேல் ஓடி, டிஎச்சிபி எடுத்து, உண்மையான கேர்னலை இறக்கி, கேஎக்செக் மூலம் அதற்குத் தாவும். லினக்ஸின் சொந்த இயக்கிகளே கிடைப்பது பெரிய நன்மை. 16 மெகாபைட் சிப் இருந்தால் முயலலாம், 8இல் இடநெருக்கடி. பென்ட்ரைவ் ஐபிஎக்ஸ்இயை எட்டுக் கணினியிலும் ஓடவிட்டு, பிரச்சினை இல்லை என்று தெரிந்தபின் ஒரேயொரு கணினியில் கோர்பூட் போடுங்கள். அது சில வாரம் நன்றாக ஓடினால் மற்றவற்றுக்குப் போகலாம்.

கேள்வி: ஒரு கணினியில் கோர்பூட் வெற்றியாக ஓடியது. அதன் படிமத்தையே மற்ற நான்கிலும் எழுதினேன். இப்போது ஐந்துக்கும் ஒரே ஐபி முகவரி கிடைக்கிறது. – வாசகர், வவுனியா

இன்டெல் கார்ட் உள்ள பலகைகளில் மாக் முகவரி (நெட்வேர்க் கார்டின் தனி அடையாள எண்) அதே ஃப்ளாஷ் சிப்பின் ஜிபிஇ பகுதியில் இருக்கிறது. முழுச் சிப்பையும் நகலெடுத்ததால் ஐந்துக்கும் ஒரே மாக், எனவே ஒரே ஐபி. ஒவ்வொன்றின் பழைய சேமிப்புக் கோப்பையும் எடுத்து, ஃப்ளாஷ்ரோமில் ஐஎஃப்டி தெரிவோடு (சிப்பின் பகுதிகளைப் பிரித்தறிவது) ஜிபிஇ பகுதியை மட்டும் திரும்ப எழுதுங்கள். இனி எழுதும்போது பயோஸ் பகுதியை மட்டும் எழுதுங்கள். சேமிப்புக் கோப்பு இல்லாவிட்டால் பெட்டியின் ஒட்டியில் மாக் முகவரி அச்சிட்டிருக்கும் – லிப்ரெபூட் திட்டத்தின் என்விஎம்யூட்டில் கருவியால் அதைப் பதிக்கலாம்.

கேள்வி: சேர்வர் அலுவலகக் கட்டடத்தில், கணினிகள் அடுத்த கட்டடத்தில். ஐப்பசி இடிமழையில் மூன்று கணினிகளின் நெட்வேர்க் போர்ட் போய்விட்டது. இப்போது அவை எழும்புவதில்லை. – வாசகர், முழங்காவில்

கட்டடங்களுக்கிடையே செப்புக் கேபிள் ஓடக் கூடாது. பக்கத்தில் இடி விழும்போது இரு கட்டடங்களின் நில மின்னழுத்தமும் வேறுபடும், அந்த வேறுபாடு கேபிள் வழியாகப் போர்ட்டுகளுக்குள் பாயும். ஃபைபர் கேபிளும் இரு பக்கத்திலும் ஒவ்வொரு மீடியா கன்வேர்ட்டரும் (ஃபைபரையும் செப்பையும் இணைக்கும் கருவி) போடுங்கள். உள்ளே உலோகக் கம்பி இல்லாத ஃபைபராகப் பார்த்து வாங்குங்கள். செப்பு 100 மீட்டருக்கு மேல் போகாது என்ற தொல்லையும் அதோடு தீரும்.

போர்ட் போன கணினிகளுக்கு ரியல்டெக் 8168 சிப் உள்ள பிசிஐஇ கார்ட் வாங்கிச் செருகுங்கள், ஐபிஎக்ஸ்இ அதை அறியும். மதர்போர்டின் பழைய போர்ட்டை பயோஸில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இனிட்ஆர்டி செத்த போர்ட்டில் முகவரி தேடிக்கொண்டிருக்கும். கோர்பூட் போட்ட கணினி என்றால் புதிய கார்டின் பிசிஐ எண்ணோடு ரோமை மீண்டும் கட்ட வேண்டும். மாக் முகவரியும் மாறிவிட்டதால் டிஎன்எஸ்மாஸ்க்கில் அந்தக் கணினியின் பெயருக்கு நேரே உள்ள வரியையும் திருத்துங்கள்.